பூச்சியத்துக்கு முன்

ரதல்ல பக்கம் மண் சரிந்ததாம்.
ரயில் கிரேட் வெஸ்டர்னில் நின்றுவிட்டது.
ஆறு பெட்டி, அடங்காத மழை,
என் மடியில் மூடாத கணினி.
அதற்குள் மூன்று வாரமாய் ஒரே பிழை:
அறுபத்துநான்கு செயலிகள் சேர்ந்து பிடித்திருந்த ஒரு பொருள்,
கடைசிக் கை விடுவதற்கு முன்பே
நினைவகத்திலிருந்து அழிக்கப்பட்டிருந்தது.

முதலில் ஒரே எண்தான் வைத்திருந்தோம்.
பிடிப்பவர் ஒன்று கூட்டுவார், விடுபவர் ஒன்று கழிப்பார்.
கணக்கில் குற்றம் இல்லை. ஆனால்
அறுபத்துநான்கு பேருக்கு ஒரு பேனா.
எழுத ஒரு கண்ணிமைப்பு,
பேனா கைமாறி வந்துசேர ஒரு பகல்.

ஆகவே ஆளுக்கொரு சிட்டை கொடுத்தோம்.
உன் வாசலில் நடப்பதை நீ எழுது,
பக்கத்து வாசலைக் கேட்காதே.
வேகம் வந்தது. கூடவே வந்தது
பதினோராம் சிட்டையில் கழித்தல் ஏழு.
பிரீடா பதறினாள்:
இல்லாத ஏழு பேர் எப்படி வெளியே போவார்கள்?
ஹட்டனில் ஏறியவர்கள் தலவாக்கலையில் இறங்கினால்
தலவாக்கலைச் சிட்டை என்ன சொல்லும் என்று கேட்டேன்.
தனித்தனியே எந்தச் சிட்டைக்கும் பொருள் இல்லை.
கூட்டினால்தான் உண்மை.

எப்போது கூட்டுவது?
அதில்தான் மூன்று வாரம்.

"ஒக்கோம பஹின்ன! எல்லாம் இறங்குங்க!"
கார்ட் ஹேமபால டோர்ச்சோடு முன்னிருந்து வந்தார்.
வெறும் ரயிலைத்தான் பின்னால் அனுப்பலாமாம்.
ஒண்ணு, காலி. ரெண்டு, காலி.
அவர் மூன்றாவதில் குனிந்து பார்க்கும்போது
ஐந்தாவதிலிருந்து வடைக்கூடையோடு இறங்கினார் அந்தோனிமுத்து.
தலையில் மழை விழுந்ததும்
நடைமேடையில் நாலடி ஓடி
இரண்டாவதில் ஏறிக்கொண்டார்.
நாலு, காலி. ஐந்து, காலி. ஆறு.

ஆறு உண்மைகள்.
கூட்டினால் பூச்சியம்.
பச்சைக்கொடி அசைந்தது.

நான் கத்தியிருக்க வேண்டும்.
கத்தவில்லை. வாய் திறந்தபடி நின்றேன்.
என் பிழை கூடையைத் தூக்கிக்கொண்டு
பனிக்குள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நிலைய விறாந்தையில் ஈரக் கையோடு தட்டினேன்:
முதலில் சிட்டைகளை மூடச் சொல்.
சொன்னதும் எண்ணாதே.
சொன்னது எல்லார் காதிலும் விழ வேண்டும்,
ஒவ்வொரு செயலியும் கைவேலையை முடித்து
ஒருமுறையாவது தலை நிமிர வேண்டும், அதுவரை இரு.
பிறகு பொதுப் பேரேட்டில்
ஒரு பெரும் பொய் எண்ணை எழுதி வை,
சிட்டைகள் ஒவ்வொன்றாய் வந்து சேரும்போது
பாதிவழியில் பூச்சியம் தட்டுப்பட்டுவிடாமல்.
கடைசிச் சிட்டையும் வந்தபின் பொய்யைக் கழி.
இனி எல்லாருக்கும் அதே ஒற்றைப் பேனா.
மெதுவாகத்தான் எழுதும். எழுதட்டும்.
போகிறவர்கள் மட்டுந்தானே மிச்சம்.

தலவாக்கலையிலிருந்து போன் வந்தது.
அந்தோனிமுத்து பத்திரமாம்,
மிச்ச வடையை அங்கேயே விற்றுவிட்டாராம்.
ஹேமபால தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கர்னலுக்குள் அந்த ரயிலே இருந்திருக்காது.
பெட்டி இருந்த இடத்தில் வேறொருவர் வீடு எழுந்திருக்கும்,
இவர் வழக்கம்போல் கதவைத் திறந்து
அவர்கள் தொட்டிலில் வடையை வைத்துவிட்டுப் போயிருப்பார்,
வீடு எரிந்தபின் யாருக்கும் காரணம் தெரியாது.

நானுஓயா போக பஸ் வந்தது.
கண்டக்டர் பையன் ஒருவன், மீசை அரும்பாதவன்,
எல்லாரையும் ஏற்றினான்,
கதவைச் சாத்தினான்,
கொஞ்சம் நின்றான்,
பிறகுதான் எண்ணினான்.
நாற்பத்தொண்ணு என்றான்.
என்னையும் சேர்த்தா என்று கேட்க நினைத்தேன்.
பஸ் வளைவில் திரும்பியது,
இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.