ஓட்டுப்பால்

இருபதுக்கு ஒன்பது.
மார்த்தாண்டத்தில் மூன்று நாள் பயிற்சி,
முதல் மணிநேரமே பரீட்சை.
சுற்றிலும் நர்சிங் ஆசிரியைகள்.
தாளைக் கவிழ்த்து வைக்க
யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பதினான்காம் கேள்வி:
மார்ஃபின் கொடுத்தால் சாவு விரைந்து வரும்.
சரியா, தவறா?
சரி என்று போட்டிருந்தேன்.
பதினொரு வருஷமாகப் போட்டிருக்கிறேன்,
கரும்பலகையில்,
வருஷத்துக்கு அறுபது பிள்ளைகள்.

மூன்றாம் நாள்
குலசேகரம் தாண்டி, ரப்பருக்குள் ஏறுகிற பாதை.
வழிகாட்டி வந்த நர்ஸ் அபிஷா
என்னிடம் படித்தவள். கடைசி பெஞ்ச்.
முகம் நினைவிருந்தது, மார்க் நினைவில்லை.

வறுவேலுக்குக் கன்னம் துளைத்து வெளியே வந்த புண்.
கட்டிலையொட்டி ஒரு சாக்கு ஓட்டுப்பால்.
யாராவது மூக்கைச் சுருக்கினால்
றோசம்மாள் முந்திக்கொள்வாள்,
"பாலு நாத்தமாக்கும்."

எனக்கும் அதையே சொன்னாள்.
நான் தலையாட்டினேன்.
அபிஷா சாக்கைப் பார்க்கவேயில்லை.
மெட்ரோனிடசோலைப் பொடித்து
புண்ணில் தூவினாள், மாவு தூவுகிற மாதிரி.

பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலி எவ்வளவு என்றேன் நான்.
அவர் அவளிடம் சொன்னார்:
"முந்நூறு மரம்."
ஒரு விடியலில் அவர் வெட்டித் தீர்க்கிற மொத்தமும்.
அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

மார்ஃபின் அட்டை பிரிக்காமல் இருந்தது.
"ஆஸ்பத்திரில ஒரு நர்ஸ் பிள்ள சொன்னா,
இதக் குடுத்தா ஆளு வேகம் போயிருவாராம்."
எந்த நர்ஸ்,
எந்தக் கல்லூரி,
நான் கேட்கவில்லை.
அபிஷாவும் என் பக்கம் திரும்பவில்லை.
தரையில் உட்கார்ந்து
றோசம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள்,
முக்கால் மணிநேரம்.
நான் இந்தப் பாடத்தை
அரை மணியில் முடிப்பேன்.

அடுத்த சனிக்கிழமை, யாரும் அனுப்பாமல் போனேன்.
"எண்பது மரம்" என்றார்,
கஞ்சி குடித்துக்கொண்டே.
கட்டிலருகே சாக்கு இருந்த இடத்தில்
வட்டமாய் ஒரு கறை.
"கடையில போட்டாச்சு," என்றாள் றோசம்மாள்,
"இனி அது எதுக்கு?"

திங்கட்கிழமை
முதல் மணிநேரமே பதினான்காம் கேள்வியை
பலகையில் எழுதினேன்.
அறுபதில் ஐம்பத்தேழு பேர்
சரி என்று போட்டார்கள்.
பாடம் இன்னும் நடத்தவில்லையே என்றேன்.
சீனியர்களின் நோட்டு இருக்கிறது மிஸ், என்றார்கள்.
ஜெராக்ஸ்.
என் கையெழுத்துக் குறுக்கெழுத்துகள்கூட
அப்படியே.