உம், ஓ, அல்ல

பீல் நகரில் தெருப்பெயர்கூட இரண்டு மொழியில்தான்.
நூலகத்துக் கணினியும் அப்படியே:
எந்த மொழியில் தேட என்றுதான் முதலில் கேட்டது.
ஜெர்மனில் 'ஷ்டூர்ட்ஸ்' என்று தட்டினேன். விழுதல்.
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் கட்டுரைகள்.
அரசர்கள் விழுந்திருந்தார்கள், பங்குச்சந்தை விழுந்திருந்தது,
ஒரே இரவில் பன்னிரண்டு பாகை வெப்பம் விழுந்திருந்தது.
கட்டிலிலிருந்து விழுந்தவர் மட்டும் கண்ணில் படவில்லை.

நூலகர் பெர்னாடெட் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
மூன்று சின்னச் சொல் போதும் என்றாள்.
அவள் சொன்னது பிரெஞ்சில்.
எனக்குக் கேட்டதோ உம், ஓ, அல்ல;
கூடவே உம்மைத்தொகைக்கு
எட்டாம் வகுப்பில் நான் வாங்கிய சிவப்புக் கோடு.

முதியோரும் விழுதலும் இரவும்.
இல்லமோ விடுதியோ.
பனிச்சறுக்கு அல்ல.
எண் லிஃப்ட் மாதிரி இறங்கியது:
இருநூற்றுப் பதினேழு, முப்பத்தாறு,
ஒன்பதில் நின்றது.

ஒன்பதில் ஒன்றுக்குப் பூட்டு. விலை முப்பத்தொன்பது ஃபிராங்.
நூலக அட்டை எண்ணை இட்டேன், திறந்தது.
மாலைப் படிப்புக்குக் கட்டிய பணத்தில்
முதல்முறையாக மிச்சக்காசு கைக்கு வந்த மாதிரி.

சுருக்கம், முறை, யார் யாருக்கோ நன்றி, எல்லாம் தாண்டி
நான்காம் அட்டவணை.
விழுந்தவர்கள் வரிசை வரிசையாக, பெயரில்லாமல்.
வரி 63: பெண், 88.
கட்டிலுக்கும் குளியலறைக்கும் இடையில்.
நேரம் 03.10. காலணி: ஒரு காலில் மட்டும்.
பணியில் இருந்தோர்: 1.

அந்த ஒன்று நான்.

ஏரிக்கரை இல்லம், மூன்றாம் மாடி, திருமதி எக்லி.
பதினான்காம் அறையில் நான்
நனைந்த விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.
நீலக் கம்பளிச் செருப்பின் மற்றது கட்டிலடியில் கிடந்தது.
படிவத்தில் அதையும் எழுதினேன், ஏனென்று தெரியாது.
தேவையற்ற விவரம் என்றார் மேலாளர்.
யாரோ முகமறியாத ஒருவர்
அதற்கென்று ஒரு நிரல் ஒதுக்கியிருக்கிறார்.

"மணி அடித்தேனே" என்றார் எக்லி, தரையிலிருந்து.
நிமிர்ந்து பார்க்கவில்லை, கோபமும் இல்லை.
அதை நான் எழுதவில்லை.
அதற்கு நிரலும் இல்லை.

தேடற்பெட்டியில் மறுபடி தட்டினேன்:
இரவும் மணியும்.
தேவாலய மணிகள் வந்தன, எண்ணூறுக்கு மேல்.
தேவாலயம் அல்ல, என்றேன்.
கொஞ்சம் சுழன்றது.
பூச்சியம்.
எழுத்துப்பிழை ஏதும் உண்டா, சரிபாருங்கள்
என்று கேட்டது, இரண்டு மொழியிலும்.