கழுத்துப் பிடி

பகாவ் கிளப்பின் பின்னறையில்
பழைய கித்தா உருளை மெஷினைக் கழற்றிவிட்டு
அந்த மேசைமேல்தான் பிரஸ்ஸை முடுக்கியிருக்கிறோம்.
மருந்து எத்தனை கிராம், தோட்டா எத்தனை,
எல்லாம் நான்தான் எழுத வேண்டும்.
மாதக் கடைசியில் போலீஸ் வந்து எண்ணும்.
ஒன்று குறைந்தால் முதலில் கேட்கப்படுவது என் பெயர்.

“வாயை நெரிச்சு விடணும்மா,” என்பார் சவரிராயன்,
“லோரியில குலுங்கினாலும் குண்டு அசையக் கூடாது.”
கீ ஹோக் கோப்பி-ஓவை ஊதிக்கொண்டே
“கழுத்து சரியா இருந்தா போதும் லா” என்பான்.
பன்னிரண்டு வருஷமாக இதே சண்டை.
காட்டுப்பன்றி செம்பனைக் கன்றைக் குடைந்து தின்றுவிட்டு
அதுபாட்டுக்குப் போகிறது.

எனக்கு ‘நெரி’ என்ற சொல்லே ஆகாது.
வீட்டுக் கடன் பாங்கிலிருந்து கடிதம் வரும் நாளெல்லாம்
என் வீட்டுக்காரர் சொல்லும் சொல் அது.

கழுத்தின் உள்ளளவு குண்டைவிட ஒரு மயிரிழை குறைவு.
அந்தக் குறைவுதான் பிடி.
பசை இல்லை, ஆணி இல்லை.
விரிந்த பித்தளை பழைய அளவுக்குத் திரும்ப நினைத்து
திரும்ப முடியாமல் நிற்கிறதே,
அந்த நினைப்பில்தான் குண்டு இருக்கிறது.

போன சனிக்கிழமை மழை விட்டதும்
ஆளுக்கொரு தோட்டாவைச் சுடாமல் கடைசியில் வைத்தோம்.
முன்னால் நான்கு வெடிக்க
மேகசினுக்குள் அது நான்கு உதை வாங்கியது.
எடுத்து வெர்னியரில் வைத்தேன்.
ஹோக்கினுடையது வைத்த இடத்திலேயே.
சவரிராயனுடையது உள்ளே இறங்கியிருந்தது,
விரலால் திருகினால் சுற்றியது,
ஆடும் பல் மாதிரி.

“இன்னொண்ணு பாரு.”
பார்த்தேன். அதுவும் ஆடியது.
நெரித்த நெரிப்பில் குண்டு இளைத்துவிட்டது.
ஈயம் அமுக்கினால் அமுங்கியபடியே கிடக்கும்,
பித்தளை மட்டும் கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ளும்.
நடுவில் காற்று.

ஹோக் சிரிப்பான் என்று நினைத்தேன்.
அவன் தன் பெட்டியை மெல்ல மூடினான்.
ஏழு தடவை நிரப்பிய கூடுகள் அவனுடையவை.
சூடு காட்டி இளக்காமல் இளக்காமல்
கழுத்து கல்லாகிவிட்டது.
வியாழக்கிழமை அதில் இரண்டு
கட்டைவிரல் தள்ளலுக்கே உள்ளே போனதை
நானும் அவனும் மட்டும் பார்த்திருந்தோம்.

சவரிராயன் எதுவும் பேசாமல்
நெரிப்பு அச்சை அரைச் சுற்று மேலே ஏற்றினார்.
அரைதான்.
முழுச் சுற்று விட்டுக்கொடுக்க
அவருக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் வேண்டும்.

கணக்கில் எழுதினேன்: கழிவு, நான்கு.
காரணத்துக்கு விட்டிருக்கும் கட்டம் சின்னது.
‘தளர்வு’ என்று போட்டேன்,
யாருடையது என்று போடவில்லை.
விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி,
பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.
மோட்டார் வரைக்கும் போய்த் திரும்பி வந்து
இன்னொரு முறையும்.