இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு

மொத்தம் நானூற்று ஆறு வரிகள்.
அவள் இத்தாலிய மொழியில் வாய் திறக்க
நான் ஒரு பொத்தானை அழுத்துவேன்;
மேடைக்கு மேல் கறுப்புப் பட்டையில்
ஆங்கிலம் ஒளிரும்.
வாட்டர்லூ ஸ்திரீட் அரங்கின் பின்சுவரில்
கண்ணாடிப் பெட்டிக்குள் எனக்கு இதுதான் வேலை.

எர்சிலியா பென்வென்யூ. வயது எழுபத்து மூன்று.
நிகழ்ச்சித்தாளில் அவள் வாழ்க்கை ஒன்பது வரி.
ஆறு வயதில், அத்தையின் கைகளில்
செத்த பிள்ளையாக முதல் மேடை.
அன்று தும்மிவிட்டாளாம்.
சனம் சிரிக்க, இடுப்பில் கிள்ளினாளாம் அத்தை.
இது தாளில் இல்லை, அவளே சொன்னது.
பதினெட்டில் ரொவிகோ மருந்துக்கடைக்காரனைக் கட்டி
இருபதில் ஒற்றைப் பெட்டியோடு ரயிலேறியதும்
தாளில் இல்லை.
பிறகு ராணிகள், வேசிகள், ஒரு புனிதை,
மறுபடி ராணிகள்.
பிறகு தொண்டையில் கத்தி.
குரலற்ற நான்கு ஆண்டுகள்
மற்றவர்களின் ராணிகளுக்குப் பொத்தான் தைத்தாள்.

ஒத்திகை இடைவேளையில் கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தேன்.
ஒரு மடக்கு. முகம் சுளித்தாள். இன்னொரு மடக்கு.
"போட்டவனுக்கு யார்மேல் கோபம்?" என்றாள்.
துபாஷி சிரிக்காமல் சொன்னார்.

சனிக்கிழமை, கடைசிக் காட்சி.
இருநூற்றுப் பன்னிரண்டு:
கதவைத் திற, நான்தான்.
அடுத்தது வரவேண்டும்.
வரவில்லை.
வேறெதையோ பேசுகிறாள்.
அவள் வரிகளை எனக்கு ஓசையாகத் தெரியும்,
இந்த ஓசை என் காதில் விழுந்ததே இல்லை.
இத்தாலியமே இல்லை, அவள் ஊர்க் கொச்சை
என்று பிற்பாடு சொன்னார்கள்.
விரல் பொத்தான்மேல் வியர்க்கிறது.
முந்நூறு பேர் அண்ணாந்திருக்கிறார்கள்.
கதவைத் திற, நான்தான்
அங்கேயே நிற்கிறது, வெட்கமில்லாமல்.

இருட்டாக்கினேன்.
தலைகள் ஒவ்வொன்றாய் இறங்கி
அவள் முகத்துக்கு வந்தன.
வெளியே இடி. குளிர்சாதனத்திலும் ஒருவர் இருமவில்லை.
கைகளை வளைத்து எதையோ ஏந்தினாள்,
தாலாட்டப்போகிறாள் என்று நினைத்தோம்.
வெறுங்காற்றை, இடுப்பளவில்,
நறுக்கென்று கிள்ளினாள்.

பெட்டிக்குள் நான் ஒருத்தி மட்டும்
வாய் பொத்திச் சிரித்தேன்.

பிறகு இருநூற்றுப் பதின்மூன்று,
ஒன்றும் நடக்காததுபோல.

தேக்காவில் வாங்கிய ரப்பர் செருப்போடு
காவலாளிக்குக் கையசைத்துப் போனாள்;
என்னைத் தெரியவில்லை.
யீஷூனுக்குக் கடைசி ரயில் பன்னிரண்டு மணிக்குள்.
அதற்குமுன் அறிக்கை நிரப்ப வேண்டும்.
"பிழைகள்" என்றொரு கட்டம்.
ஒன்று என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி ஒன்று என்றே எழுதி
என் கையெழுத்தைப் போட்டேன்.