மூன்று புள்ளிகள்

பித்தப்பையில் கல்லைத் தேடப் போனவர்கள்
கல்லீரலில் மூன்று புள்ளிகளைக் கண்டெடுத்தார்கள்.
செப்டம்பர். வின்னிபெக்கில் எல்ம் மரங்கள்
மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

முன்பு ஏதும் நோய் உண்டா என்று கேட்ட பெண்ணிடம்
இடது மார்பு, ஏழு வருடத்துக்கு முன்பு, என்றேன்
பழைய விலாசம் சொல்வதுபோல.
தட்டிக்கொண்டிருந்த அவள் விரல்கள்
ஒரு கணம் நின்றன.
அந்த ஒரு கணத்தைத்தான்
நான்கு மாதம் சுமந்தேன்.

முதல் ரிப்போர்ட்: தெளிவாகச் சொல்ல இயலவில்லை.
சி.டி. ரிப்போர்ட்: மறுப்பதற்கில்லை.
மறுப்பதற்கில்லை!
எங்கள் ஊர் தாலுகா ஆபீஸ்கூட
இதைவிடத் திருத்தமாகப் பதில் போடும்.

ஈரக்குலை நடுங்குது என்று
எத்தனை முறை விளையாட்டாய்ச் சொல்லியிருப்பேன்,
பரீட்சைக்கு, பல்லிக்கு, விமானம் குலுங்கியதற்கு.
நிஜத்தில் அது நடுங்குவதே இல்லை.
வலது விலாவுக்குக் கீழே கைவைத்துப் பார்த்தேன்
குக்கர் விசிலை எண்ணும்போது,
பள்ளிச் சமையலறையில் நூற்றுப்பத்துத் தட்டுக்கு
மாக்கரோனி போடும்போது.
வாடகை பாக்கி வைக்காத குடித்தனக்காரன் மாதிரி
சத்தமே காட்டவில்லை.

கீமோ நாட்களில் ரத்தம் ஊறட்டுமென்று
சார்ஜென்ட் அவென்யூ ஹலால் கடையிலிருந்து
வாரம் தவறாமல் ஆட்டீரல் வாங்கி வருவார் குற்றாலிங்கம்.
மிளகு தூக்கலாய் அவரே வதக்குவார்.
இந்த முறையும் வாங்கி வந்தார்.
பாத்திரத்தில் கிடந்ததை இருவரும் பார்த்தோம்.
கழுவிய ஈரம் காயாமல்
ஃப்ரீசருக்குள் வைத்து மூடினார்.
அதைப் பற்றிப் பேசவில்லை.

அக்டோபரில் என் நல்ல கோட்டை
கூட வேலை பார்க்கும் ரோசலிண்டாவுக்குக் கொடுத்தேன்.
மைனஸ் நாற்பது தாங்கும் கோட்டு.
உனக்கு? என்றாள்.
புதுசு வாங்கணும் என்றேன்.
வாங்கவில்லை.
ஏன் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜனவரியில் எம்.ஆர்.ஐ.
மூச்சை இழு, நிறுத்து, விடு.
நிறுத்திய இடத்தில் எந்தச் சாமியும் வரவில்லை,
ஃப்ரீசரில் உறைந்து கிடக்கும்
ஈரல்தான் நினைவுக்கு வந்தது.

ஒன்பது நாள் கழித்து
டாக்டர் ரெய்மர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
ஓரத்தில் தொடங்கிய மருந்து
மெல்ல மெல்ல நடுவுக்கு நிறைகிறது பாருங்கள்,
மூன்றிலும் அப்படியே.
ரத்தக்குழாய் முடிச்சுகள். வெகுநாளாய் அங்கிருப்பவை.
புற்று?
ஆங்கிலத்தில்தான் சொன்னார்,
எனக்குத் தமிழில் விழுந்தது: இல்லை.
முன்னும் பின்னும் ஒரு சொல் ஒட்டாத இல்லை.
மூன்று புள்ளிக்கு
மூன்றே எழுத்து.

அழுகை வரவில்லை.
பார்க்கிங்கில் கட்டிய காசுக்கு
இன்னும் இருபது நிமிடம் மிச்சமிருந்தது.
ஹீட்டரைக் கூட்டிவிட்டு
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார் குற்றாலிங்கம்,
வண்டியை எடுக்காமல்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அவருடைய பழைய ஜாக்கெட்டுக்குள்
விரல்நுனிகூடத் தெரியாமல் நான்,
ரோசலிண்டாவிடம்
கோட்டை எப்படித் திருப்பிக் கேட்பதென்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.