துணைக்கருவி

தங்கச்சிமடத்தில் எனக்குக் கிடைத்தது
ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவும்
சூடானால்தான் படம் காட்டும் ஒரு ப்ரொஜெக்டரும்.
"பதினொரு மணிக்கு கரண்ட் போயிரும் டீச்சர்,"
சத்துணவு அக்கா முதல் நாளே சொன்னார்.
நான் காதில் வாங்கவில்லை.
மூன்று ராத்திரி கண்விழித்துச் செய்த ஸ்லைடு அது:
உருண்டை வரும், சுழலும்,
அதன்மேல் ஒவ்வொன்றாய் வந்து விழும்
அட்சக்கோடுகள், தீர்க்கக்கோடுகள்,
விழும்போதெல்லாம் டிங், டிங்.
அந்த ஓசையைத் தேடி எடுக்கவே
அரை நாளும் ஒரு ஜிபி டேட்டாவும் போனது.

கடைசி பெஞ்சில் கல்லூரியிலிருந்து வந்த மேடம்,
முழங்கால் மேல் மதிப்பீட்டுத் தாள்.
தொழில்நுட்பப் பயன்பாடு பத்து மதிப்பெண்,
கரும்பலகை ஐந்து, குரல் ஐந்து.
சாக்பீஸ் கையைச் சேலையில் துடைத்தால்
ஒன்று குறைப்பார் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள்.

"இவையெல்லாம் கற்பனைக் கோடுகள்" என்றேன்.
புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.
"யாரும் இவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை."

ரெமிஜியுஸ் எழுந்தான்,
வருகைப்பதிவில் விடுபட்ட பெயரைச்
சொல்ல எழுந்தவன் மாதிரி.
"எழுபத்தொன்பது டிகிரி முப்பது நிமிஷம் மிஸ்."
எதில் படித்தாய்?
"அப்பா போட்டுல. ஜிபிஎஸ் டப்பால தெரியும்.
கோட்டுக்கிட்ட போனா டிங் டிங்னு கத்தும்,
நீங்க வச்ச மாதிரியே."
வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.
மேடம் என்னவோ எழுதினார்.
"கத்துச்சுன்னா அப்பா சத்தத்தைக் கொறச்சிருவாரு.
எறா அந்தப் பக்கந்தான மிஸ் கெடக்கு."

அன்றைக்குப் பார்த்து கரண்ட் போகவில்லை.
அடுத்த ஸ்லைடுக்கு நான் அழுத்தவில்லை.
உருண்டை தன்பாட்டுக்குச் சுழன்றது,
கோடுகள் மறுபடி மறுபடி விழுந்தன,
டிங்,
ஜன்னல் பக்கமிருந்து டெலிஷியா மெதுவாகச் சொன்னாள்:
"தடைக்காலம் முடிஞ்ச மறுவாரமே
அவங்கப்பாவப் புடிச்சிட்டாங்க மிஸ்.
யாழ்ப்பாணத்துல இருக்காரு."
டிங்.

பாடத்திட்டத்தில் நோக்கங்கள் உண்டு, முன்னறிவு உண்டு.
முன்னறிவு என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது:
மாணவர்கள் உலக உருண்டையைப் பார்த்திருப்பார்கள்.

"ஒரு டிகிரிக்கு அறுபது நிமிஷம்," தொடர்ந்தேன்,
வேறென்ன செய்ய.
ஒரு நிமிஷம்னா எவ்வளவு தூரம், யாரோ கேட்டார்கள்.
ரெமிஜியுஸ்தான் சொன்னான், இந்தமுறை உட்கார்ந்தபடியே:
"இங்கன ஒரு கடல்மைலு. கொஞ்சம் கொறையும்."
பிறகு பெஞ்சைப் பார்த்துக்கொண்டு,
"வக்கீல் போன்ல அப்பாவக் காட்டுனாங்க.
அதுவும் ஒரு நிமிஷந்தான்."

ராத்திரி ஆல்பத்தைப் பிரித்தேன்.
'கல்வியில் ஊடகம்' தாளுக்கு
செய்தித்தாள் துண்டுகள் இருபத்தைந்து ஒட்டவேண்டும்.
விடுதியின் பழைய பேப்பர் கட்டிலிருந்து
நான் வெட்டிய பதினாறாவது, ஒரு வானிலை வரைபடம்.
பசை பிடிக்காத மூலை தூக்கிக்கொண்டு நின்றது.
பின்பக்கம் ஒரு பட்டியல்,
என் கத்தரி பாதியில் விட்ட பெயர்கள்:
கிளெமென்
சூசைமாணி
அருளா

காட்டலாமா கூடாதா என்று தெரியாமலே
மறுநாள் காட்டினேன்.
"இது போன வருசத்துது மிஸ், இவங்கல்லாம் வந்துட்டாங்க.
இது எங்க சித்தப்பா சூசைமாணிக்கம்.
வயசத் தப்பாப் போட்டானுகன்னு அப்ப ஒரே சண்ட."
வச்சுக்கவா என்று கேட்டான்.
கொடுத்தேன். ஆல்பத்தில் இப்போது இருபத்துநான்கு.

மதிப்பீட்டுத் தாளும் வந்தது.
தொழில்நுட்பம் பத்துக்கு எட்டு.
குறிப்பு: ஒலி பொருத்தமாக இருந்தது.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது
மடியில் கைபேசி அதிர்ந்தது.
இலங்கைக்கு நல்வரவு,
ரோமிங் கட்டணங்களுக்கு இங்கே அழுத்தவும்.
பக்கத்து சீட்டுப் பெண் தன்னுடையதை எடுத்துப் பார்த்து
"தெனம் இதே ரோதனதான்" என்று
மீன்கூடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.