பத்து ரூபாய்

விடிய நாலு மணிக்கு எழுவதென்றால்
முதலில் ஒருக்களிக்க வேண்டும்.
முழங்காலை மடக்கி, கட்டிலோரம் வரை நகர்ந்து,
காலைத் தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி,
வேறு யாரையோ தூக்கி உட்காரவைப்பதுபோல
என்னை நானே உட்காரவைத்துவிட்டு
கொஞ்ச நேரம் சுவரைப் பார்க்க வேண்டும்.
வயது முப்பத்தெட்டு.

தும்மல் வந்தால் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்வேன்.
பீரோ. கதவு.
ஒருமுறை வாசுகியின் ஜடை.

கம்பத்து டாக்டர்
படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்:
நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே ஜவ்வு பிதுங்கி
நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
குனியக் கூடாது. வெயிட் தூக்கக் கூடாது.
வண்டி ஓட்டக் கூடாது.
மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்
என்பதையும் அதே குரலில்தான் சொன்னார்.

மெட்டு ஏற
ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் கிளட்ச்.
கிளட்ச் இடது கால்.
வலி புட்டத்தில் புறப்பட்டு
தொடைக்குப் பின்னால் இறங்கி
கெண்டைக்கால் ஓரமாக வளைந்து
பெருவிரலில் போய் நிற்கும். அதுதான் கடைசி ஸ்டாப்.
ரூட் என்னைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

பின்னால் பதினாலு பெண்கள், ஏலக்காட்டுக்கு.
தூக்குவாளியோடு தூக்குவாளி இடிக்கும்.
குழி கண்டால் நான் வண்டியை உருட்டுவதைப் பார்த்து
‘அண்ணனுக்கு ஜீப்புமேல என்னா பாசம்’ என்கிறார்கள்.

செக்போஸ்டில் இறங்கி நோட்டில் எழுத வேண்டும்.
இப்போதெல்லாம் பினோய் சாரே
நோட்டை வண்டிக்குக் கொண்டுவந்து நீட்டுகிறார்.
‘நடுவேதன குறவுண்டோ?’
அவர்கள் பேச்சில் இடுப்புக்கு நடு என்று பெயர்.
சரியான சொல்தான்.
உட்கார்ந்திருப்பதற்கும் நிற்பதற்கும் நடுவில்
ஓர் இடம் இருக்கிறதே,
அங்கேதான் வலிக்கிறது.
கட்டப்பனையில் ஏழு நாள் தங்கிக் கிழி வைக்கச் சொன்னார்.
ஏழு நாள் வண்டி நின்றால்
ஃபைனான்ஸ்காரன் வைப்பான் எனக்குக் கிழி.

சுருளியம்மா எப்போதும் கடைசியாகத்தான் இறங்குவாள்.
எங்களுக்கு முதுகைக் காட்டி,
கம்பியைப் பிடித்து,
ஒரு காலால் தரையைத் தேடி.
நான் இறங்குவதும் அப்படித்தான்.
பன்னிரண்டு வருஷம்
செடியடியில் குத்தவைத்துக் காய் எடுத்த உடம்பு.
படம் எடுத்ததில்லை.
கேட்டால் ‘வாயு’ என்பாள்.

நேற்று புதுப்பட்டி விலக்கில் இறக்கிவிட்டு
கைமாற்றாக வாங்கிய அறுபதைத் திருப்பிக் கொடுத்தேன்.
பத்து ரூபாய்க் காசு நழுவி
ரெண்டு பேர் காலுக்கும் நடுவில் விழுந்தது.

‘எடும்மா.’
‘ஒங்க கையிலயிருந்துதான விழுந்துச்சு, நீங்க எடுங்க.’

அவள் என் இடுப்பைப் பார்த்தாள்.
நான் அவள் சேலைக்கு மேல் இறுக்கிக் கட்டியிருந்த
துண்டைப் பார்த்தேன்.

சிரிப்பு வந்தது.
சிரித்தால் சுண்டி இழுக்கும்.
ஆளுக்கொரு பக்கம் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு
மூச்சை அடக்கி
காசைப் பார்த்தபடி நின்றோம்

டியூஷன் விட்டு
ஏதாவது ஒரு பிள்ளை
அந்த வழியாக வரும்வரை.